மயோனைஸ் கப்பலில் மூன்று நாள்

கிரேஸ், சாமு, பியூலா மூன்று பேருக்கும் எழுதுவது.

நான் வெளிநாடு போய் வந்ததை எழுதித் தரவேண்டும் என்று சாமு நோட்டு வாங்கி வைத்து இரண்டு மாதமாகிறது. அதற்குள் பியூலா பள்ளிக்கூடத்தில், "எங்க அப்பா பெல்ஜியம் போயிட்டு வந்துட்டாவ" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் டீச்சர் அதைப் பற்றி என்னிடம் விசாரித்தபோது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நான் போன பெல்ஜியம் நம் ஊர் தோணித்துறையின் பழைய ஜெட்டியிலிருந்து ஆறு மைல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. புதுத் துறைமுகத்தில் இன்னும் வேலை முடியாததால் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தோணிகள்தான் உப்பை ஏற்றிக்கொண்டு அவற்றைத் தேடிப் போகும். நானும் அப்படித்தான் பாஸ்போர்ட் இல்லாமல் தேடிப் போனேன். மதியத்துக்குள் திரும்ப வேண்டியவன் மூன்றாம் நாள் திரும்பினேன்.

அப்பா வேலை பார்ப்பது கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை என்று உங்களுக்குத் தெரியும். கப்பல் சமையல்காரர் சீட்டு அனுப்புவார். அதிலுள்ள உருளைக்கிழங்கு, முட்டை, வெங்காயம், இறைச்சி எல்லாவற்றையும் லாஞ்சில் கொண்டுபோய்க் கொடுத்து, சமையல்காரரிடம் ஒன்று, காப்டனிடம் ஒன்று என இரண்டு கையெழுத்து வாங்கி வருவது என் வேலை. உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின மாதம் நான் கொண்டுபோன உருளைக்கிழங்கில் நாலு மூட்டை அழுகல் என்று ஒரு கப்பல் திருப்பி அனுப்பிவிட்டது. முதலாளி அண்ணாச்சி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "செல்லத்துரை, இன்னும் ஒரே ஒரு சாமான் திரும்பி வந்துச்சுன்னா நீ மறுநா கடைக்கு வரவேண்டாம், என்ன?" என்றார். நான் "சரி அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்வது? ஒரு வருஷம் வேலையில்லாமல் சாயர்புரத்தில் நாம் இருந்த இருப்பு உங்கள் அம்மாவுக்கு மறந்திருக்காது என்பதால் அவளிடம் இதை நான் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டோம். ஆனி மாதம். லாஞ்சை ஓட்டுகிற தண்டல் மிக்கேல் அண்ணாச்சி காற்றை மூக்காலேயே அளந்துவிடுவார். "கச்சான் இன்னைக்குச் சண்டைக்கு வாரான். கெதியா ஏத்திட்டு கெதியா இறங்கும்வே" என்றார். ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து பிய்த்துக்கொண்டு அடிக்கிற காற்றுக்குத்தான் கச்சான் என்று பேர். முயல் தீவைத் தாண்டியதும் லாஞ்சு குதிக்க ஆரம்பித்தது. அம்மா கொடுத்த இட்லி நாலும் கடலுக்குப் போயின.

"போட்டும், மீனுக்கும் பசிக்கும்லா" என்றார் மிக்கேல் அண்ணாச்சி.

கப்பல் பக்கத்தில் போனபின் அது சுவர்போல எழுந்து நின்றது. கயிற்று ஏணியில் நான் ஒரு படி ஏறினால் கடல் லாஞ்சை இரண்டு படி கீழே இறக்கிவிடுகிறது. ஏறி முடித்தபோது என் ஒரு செருப்பு காலில் இல்லை. அந்தக் கப்பலில் மூன்று நாளும் ஒற்றைச் செருப்போடு நடப்பதா, வெறுங்காலோடு நடப்பதா என்பதே எனக்கு ஒரு யோசனையாக இருந்தது. வெறுங்காலோடுதான் நடந்தேன். இரும்புத் தளம் வெயிலில் அப்பச்சட்டிபோலச் சுட்டது.

சமையல்காரர் பேர் லூயி. ஆன்ட்வெர்ப் என்ற பெல்ஜியத்துத் துறைமுகத்துக்காரர். தோசைக்கல் அகலம் உள்ள கை, காது வரைக்கும் சிவந்த முகம். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஆளுக்குப் பாதி தூரம் நடந்து வந்து நடுவில் சந்தித்துக்கொள்ளும். அவர் உருளைக்கிழங்கை வெட்டிப் பார்த்தார். தலையாட்டினார். முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதற்கும் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. கடைசியில் எண்ணெய் டின்னைத் திறந்தார். திறந்த கையோடு முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது என்ன மருந்து?" என்று கேட்டார்.

"மருந்து இல்லை சார். எங்கள் ஊரிலேயே முதல் தரம்" என்றேன்.

விரலை முக்கி நாக்கில் வைத்தவர், கடலைப் பார்த்துத் துப்பிவிட்டு, "இதில் மயோனைஸ் செய்ய முடியாது. இதைத் திருப்பி எடுத்துப் போ" என்றார்.

இந்த இடத்தில் கிரேஸ் என்மேல் கோபப்படக் கூடாது. லூயி அனுப்பின சீட்டில், "எண்ணெய் இருபது லிட்டர், முட்டையோடு பச்சையாகச் சேர்ப்பதற்கு" என்று எழுதியிருந்தது. முட்டையையும் எண்ணெயையும் பச்சையாகச் சேர்ப்பது என்றால் நம் பக்கத்து ஆளுக்கு எது ஞாபகம் வரும்? போன வருஷம் நீ பெரிய பிள்ளையானபோது, சாத்தான்குளத்து அத்தை பதினாறு நாளும் காலையில் உன் வாயில் ஒரு பச்சை முட்டையை உடைத்துவிட்டு, பின்னாலேயே நல்லெண்ணெயை ஊற்றினாளே, அதுதான். இடுப்புக்குப் பலம் என்று சொல்லிக் கொடுப்பது. நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுவாய். வெள்ளைக்காரரும் பலத்துக்காகத்தான் இப்படிச் சாப்பிடுவார்கள்போல என்று நினைத்து, கடை எண்ணெய் வேண்டாம், செக்கிலேயே ஆட்டி வாங்குவோம் என்று நானே போய் நின்று, கருப்பட்டி போட்டு ஆட்டச் சொல்லி வாங்கினேன். எள்ளோடு கருப்பட்டியைப் போட்டு ஆட்டின எண்ணெய்க்கு உள்ள மணம் உங்களுக்குத் தெரியும். அந்த மணத்தைத்தான் லூயி துப்பினார்.

மற்றச் சாமானுக்குக் கையெழுத்துப் போடுவதாகவும், எண்ணெய் வரிக்கு நேரே "திருப்பி அனுப்பப்பட்டது" என்று எழுதப் போவதாகவும் சொன்னார். பேனாவை எடுத்துவிட்டார். நான் சீட்டை அவர் கையிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டேன். "அவசரம் இல்லை சார். யோசித்துப் போடுங்கள்" என்றேன்.

கீழேயிருந்து மிக்கேல் அண்ணாச்சி கத்துகிறார்: "வாரும்வே! காத்து ஏறுது!"

"கையெழுத்து வாங்காம நான் வரல அண்ணாச்சி!"

"சவம், ஒரு கையெழுத்துக்காண்டி சிங்கப்பூர் போவீராவே? வெள்ளிக்கிழமை விடிய நங்கூரம் எடுக்கான்!"

"சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க!"

சாயங்காலம் கடல் வெள்ளை வெள்ளையாகப் பொங்கியது. லாஞ்சும் இல்லை, தோணியும் இல்லை. தூரத்தில் நம் ஊர் உப்புக் குவியல்கள் மட்டும் வரிசையாக மின்னின. அம்மா வாசலில் நின்று காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னையும் மேசையில் உட்கார வைத்தார்கள். விரல் விரலாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு, காடி என்கிற வினிகரில் ஊறின மீன், ரொட்டி. மீனை வேகவைக்கவே இல்லை என்று தெரிந்ததும் நான் ரொட்டியோடு நின்றுவிட்டேன். இருபத்தைந்து பேர் உருளைக்கிழங்கை முன்னால் வைத்துக்கொண்டு துக்க வீட்டில்போல உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் காரணம் சொன்னார். சூயஸ் கால்வாய் அடைத்துக் கிடப்பதால் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. வழியிலேயே மயோனைஸ் தீர்ந்துவிட்டது. மயோனைஸ் இல்லாத உருளைக்கிழங்கு அவர்களுக்கு, குழம்பு இல்லாத சோறு மாதிரி.

மயோனைஸ் என்பது முட்டையின் மஞ்சள் கருவில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடித்து, வெண்ணெய்போலத் திரட்டுகிற ஒரு தொட்டுக்கை. அடுப்பில் ஏற்றுவதே இல்லை. இதில் என்ன சண்டை வரமுடியும் என்று நினைப்பீர்கள். கப்பலில் பாதி ஆள் பெல்ஜியம், பாதி ஆள் ஹாலந்து. பக்கத்துப் பக்கத்து நாடு. பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கும் நாகர்கோவில்காரருக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். ஆனால் மயோனைஸ் என்று வந்தால் பெல்ஜியத்தாருக்குக் கெட்டியாக, கடுகுக் காரத்தோடு, புளிப்பாக இருக்கவேண்டும். ஹாலந்துக்காரருக்கு இளக்கமாக, இனிப்பாக இருக்கவேண்டும்.

"அவர்கள் தின்பது மயோனைஸ் இல்லை. குழந்தைகளின் பாயசம்" என்றார் ஒரு பெல்ஜியத்தார்.

"இவர்கள் தின்பது காயத்துக்குப் போடும் களிம்பு" என்றார் எதிரே இருந்தவர்.

இல்லாத பொருளுக்காக அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். நம் வீட்டிலும் அத்தை வந்தால் மீன் குழம்புக்குத் தேங்காய் அரைத்து விடுவதா வேண்டாமா என்று அம்மாவோடு நடக்கிற வழக்கு இருக்கிறதே, அதே குரல், அதே மூஞ்சி. ஒரு வித்தியாசம், நம் வீட்டில் வழக்கு நடக்கும்போது குழம்பு அடுப்பில் இருக்கும்.

புதன்கிழமையும் காற்று அடங்கவில்லை. உப்பு ஏற்றுவது நின்றுபோய் எல்லாரும் சும்மா இருந்தார்கள். சும்மா இருக்கிற ஆளுக்குப் பசி அதிகம். காப்டன் அடுக்களைக்கு வந்தார். ஒல்லியான, உயரமான, அதிகம் பேசாத ஆள். அவர் ஹாலந்துக்காரர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "முட்டை இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது. பின்னே என்ன, செய்" என்றார்.

லூயி டின்னைக் காட்டி ஏதோ பொரிந்தார். காப்டன் "செய்" என்று மறுபடி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு இப்போது வேறொரு பயம் பிடித்தது. முட்டை நான் கொண்டுவந்தது. வெயிலில், லாஞ்சில் வந்த முட்டை. அதைப் பச்சையாக இருபத்தைந்து பேர் தின்னப் போகிறார்கள். அதில் ஒன்று கெட்டிருந்து யாருக்காவது வயிற்றோட்டம் பிடித்தால்? நான் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒவ்வொரு முட்டையாகப் போட்டுப் பார்த்தேன். மிதந்தால் கெட்டது. ஒன்றும் மிதக்கவில்லை. திருப்தி வராமல் மறுபடி முதலிலிருந்து போட்டேன். லூயி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் மஞ்சள் கருவை மட்டும் எடுத்துக்கொண்டு வெள்ளைக் கருவை ஒரு பாத்திரத்தில் ஒதுக்கினார். முந்திரியோடு வெள்ளைக் கருவை அடித்து மக்ரூன் பலகாரம் சுடுகிற நம் ஊர்க் கடைக்காரர் யாராவது அதைக் கண்டிருந்தால் கையோடு தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். மஞ்சள் கருவில் உப்பு, கடுகு விழுது, கொஞ்சம் காடி. பிறகு கம்பிகளைச் சுரைக்காய்போல வளைத்துக் கட்டின மத்தால் அடித்துக்கொண்டே எண்ணெயை நூல்போல விட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டிப்பட்டது. கருப்பட்டிக் காப்பியில் பாலை அதிகம் விட்டால் வருமே, அந்த நிறம். அடுக்களை முழுக்க நம் வீட்டு எண்ணெய்க் குளி நாள் மணம்.

மேசையில் வைத்ததும் பெல்ஜியத்தார் ஆளாளுக்கு மோந்துவிட்டுத் தட்டைத் தள்ளினார்கள். ஒருவர் தலையில் தேய்ப்பதுபோலக் காட்டினார். அவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, சரியாகத்தான் காட்டினார். ஹாலந்துக்காரர்கள் தயங்கித் தயங்கித் தொட்டார்கள். காப்டன் ஒரு உருளைக்கிழங்கைத் தொட்டு வாயில் வைத்து மென்றார். இன்னொன்று எடுத்தார். மூன்றாவதுக்குக் கரண்டியாலேயே எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார்.

"இதில் ஒரு இனிப்பு இருக்கிறது. ஒரு வருஷத்தில் இந்தக் கப்பலில் நான் சாப்பிட்ட ஒரே மயோனைஸ் இதுதான்" என்றார்.

எனக்கு எழுந்து நின்று சங்கீதம் பாட வேண்டும்போல இருந்தது. அப்போது லூயியின் முகத்தைப் பார்த்துவிட்டேன். ஒரு வருஷமாக அவர் அடித்துப்போட்ட மயோனைஸ் எல்லாம் ஒன்றுமில்லை என்று அத்தனை பேர் முன்னால் காப்டன் சொல்லிவிட்டார். லூயி சமையலுக்குக் கட்டுகிற மேல்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். "இந்த எண்ணெயில் இனிமேல் நான் ஒரு சொட்டும் தொடமாட்டேன்" என்றார்.

யாரோ என்னைப் பார்த்து, "நீ சொல், எது நல்லது?" என்று கேட்டார்.

"எனக்கு எல்லாமே பச்சை முட்டைதான் சார்" என்றேன். இரண்டு கட்சியும் சிரித்தது. லூயி சிரிக்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் காப்டன் சீட்டை வாங்கிப் பேனாவைத் திறந்தார். பிறகு, "சமையல்காரர் கையெழுத்து முதலில் வரவேண்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் போட்டுவிடுவாரே என்று கெஞ்சினேன். "கப்பலுக்கு நான் காப்டன். அடுக்களைக்கு அவன் காப்டன்" என்றார்.

சாயங்காலம் லூயியிடம் போனேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கேட்காமலே உட்கார்ந்து நானும் உரித்தேன். ஒரு கூடை உரித்து முடித்ததும், "எதற்காக இந்த எண்ணெயைக் கொண்டுவந்தாய்? உண்மையைச் சொல்" என்றார். சொன்னேன். பெண்பிள்ளை பெரியவளாகும்போது கொடுப்பது என்றும், என் மகளுக்கும் கொடுத்தோம் என்றும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என் முட்டாள்தனம்.

ராத்திரி மேசைக்குப் போகும்போதே கப்பல் முழுக்க விஷயம் பரவியிருந்தது. காப்டன் உள்ளே வந்ததும் பெல்ஜியத்தார் ஒருவர் எழுந்து பெண்பிள்ளைக்குக் குனிவதுபோலக் குனிந்து, "எங்கள் காப்டன் பெரியவளாகிவிட்டார்" என்றார். மேசையே அதிர்ந்தது. காப்டன் யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் விரலைக் காட்டி அழைத்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

இரண்டு கையெழுத்தில் ஒன்று வரும் என்று இருந்தேன். இப்போது அதுவும் போயிற்று. வேலையை விடுங்கள், காலையில் என்னைக் கப்பலின் எந்தப் பக்கத்திலிருந்து தூக்கிப் போடுவார்கள் என்றுகூட எண்ணினேன்.

"இவர்கள் சொல்வது உண்மையா?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாம். எனக்கு வராது. "உண்மைதான் சார். பலத்துக்காகக் கொடுப்பது" என்றேன்.

"உன் மகள் பலமாக இருக்கிறாளா?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "தெருக் குழாயிலிருந்து இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவாள் சார்" என்றேன்.

அவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். "லூயி தொடமாட்டான் என்றால், நாளைக்கு நீ செய்" என்றார். கிரேஸ், உன்னைக் கேட்காமல் உன் பேச்சை ஒரு வெளிநாட்டுக் காப்டனிடம் எடுத்துவிட்டேன். ஆனால் அந்த அறையை விட்டு நான் தலையோடு வெளியே வந்தது உன் குடத்தால்தான்.

வியாழக்கிழமை காலை காற்று கொஞ்சம் தணிந்தது. தோணிகள் பாய் விரித்து வர ஆரம்பித்தன. பத்து மணிக்கு லூயி அடுக்களையில் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்க, நான் மத்தைக் கையில் எடுத்தேன். வீட்டில் வெந்நீர்கூட வைக்காதவன் நான். பத்து மஞ்சள் கரு, உப்பு, கடுகு, காடி. அடித்துக்கொண்டே எண்ணெய் விட்டேன். கெட்டிப்படுகிற மாதிரி இருந்தது. அப்போது கீழேயிருந்து, "செல்லத்துரை! ஏ செல்லத்துரை!" என்று குரல். மிக்கேல் அண்ணாச்சி. வட்ட ஜன்னலில் தலையை நீட்டினேன்.

"உயிரோடதான் இருக்கீராவே? ஒம்ம பொஞ்சாதி ரெண்டு நாளா ஜெட்டியிலேயே நிக்கா! கால் மணிதான் நிப்பேன், காத்து மறுபடி ஏறுது. பொறகு லாஞ்சு கிடையாது!"

ஜெட்டியில் நிற்கிறாள் என்று கேட்டதும் கிண்ணத்திடம் ஓடினேன். சீக்கிரம் முடிக்கவேண்டும் என்று எண்ணெயைச் சாய்த்து ஊற்றினேன். அவ்வளவுதான். கெட்டியாக இருந்தது இளகி, இளகி, திட்டுத் திட்டாகப் பிரிந்து, மேலே எண்ணெயும் கீழே மஞ்சள் துகளுமாகப் பால் திரிந்ததுபோல நின்றது. நான் வேகமாக அடித்தேன். அடிக்க அடிக்க இன்னும் பிரிந்தது. எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. வேர்வை என்றுதான் முதலில் நினைத்தேன்.

சுவரோரமாக லூயி ஒரு கால் மாற்றி மறுகாலில் நின்றார். ஜன்னலைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

"நிறுத்து!" என்று கத்தினார். "கொலை செய்யாதே!"

கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கினார். வேறொரு சுத்தமான கிண்ணத்தில் ஒரே ஒரு புது மஞ்சள் கருவைப் போட்டு, திரிந்துபோனதை அதில் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தார். அப்படி அடிக்கும்போது அவருக்கு அது எந்த நாட்டு மயோனைஸ், எந்த எண்ணெய் என்பதெல்லாம் மறந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்முன்னால் ஒன்று கெட்டுப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கொஞ்சநேரத்தில் அது திரும்பச் சேர்ந்தது. பளபளவென்று மத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. பாதியைக் காப்டனுக்கு என்று எடுத்து வைத்து அதில் சீனியைப் போட்டார், முகத்தைச் சுளித்துக்கொண்டே. மீதிப் பாதியைக் கொஞ்சநேரம் முறைத்துப் பார்த்தார். அதில் கடுகு விழுதை இரட்டிப்பாக அள்ளிப் போட்டுக் காடியையும் விட்டு அடித்தார். ருசி பார்த்தார். இன்னும் கொஞ்சம் கடுகு. மறுபடி ருசி பார்த்தார். என்னைப் பார்க்காமல், "மணம் அடங்கிவிட்டது" என்று சுவரிடம் சொன்னார்.

"செல்லத்துரை! நான் போறேன்வே!"

"சார்" என்று சீட்டை நீட்டினேன். கையில் எண்ணெய், சீட்டில் எண்ணெய்.

அவர் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து பேனாவைப் பிடித்தார். கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் எழுதினார், எழுதினார். எண்ணெய் வரிக்குப் பக்கத்தில் மூன்று வரி. அதற்கும் கீழே கையெழுத்து. நான் எட்டிப் பார்த்ததும் மடித்து என் சட்டைப் பையில் செருகி, "கரைக்குப் போய்ப் படி" என்றார். காப்டனிடம் ஓடினேன். அவர் மடிப்பைப் பிரிக்காமலே, வெளியே தெரிந்த இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். ஏணியில் பாதி தூரம் இறங்கியபோது ஓர் அலை என்னை இடுப்புவரை நனைத்தது. சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் தொங்கினேன். மிக்கேல் அண்ணாச்சி என் காலைப் பிடித்து லாஞ்சுக்குள் இழுத்துப் போட்டார்.

"சீட்டு நனைஞ்சுட்டாவே?"

"இல்ல அண்ணாச்சி."

"ஆளு?"

"ஆளு நனைஞ்சாச்சு."

ஜெட்டியில் அம்மா நின்றதும், என் வெறுங்காலைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். சாமுதான் கூட நின்றானே. நான் வீட்டுக்கு வராமல் நேரே கடைக்குப் போனதற்குத்தான் அன்று அம்மா கோபப்பட்டாள். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எனக்கு வீட்டுப் படி ஏற மனமில்லை. வழியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் பிரிக்காமல் உள்ளே வைத்தேன்.

முதலாளி அண்ணாச்சி சீட்டை வாங்கி மேசையில் விரித்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. "என்னலே இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி எழுதியிருக்கான்? வாசி" என்றார்.

வாசித்தேன். பெரிய எழுத்தில் இப்படி இருந்தது: "எண்ணெய் இருபது லிட்டர் பெற்றுக்கொண்டேன். அடுத்த பயணத்துக்கு மணமே இல்லாத எண்ணெய் இருபது லிட்டர் வேண்டும். இந்த எண்ணெயிலும் இரண்டு லிட்டர், காப்டனுக்கு மட்டும். கேட்டது நான் என்று அவரிடம் சொல்லவேண்டாம்."

அண்ணாச்சி வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டிருந்தார். "ஒண்ணும் திரும்பி வரல?"

"வரல அண்ணாச்சி."

"மூணு நாளா அங்கன என்ன செஞ்ச?"

"உருளைக்கிழங்கு உரிச்சேன்" என்றேன்.

அவர் சீட்டைக் கம்பியில் குத்தி வைத்தார். இது நல்லதா கெட்டதா என்று புரியாமல் நான் ஈரச் சட்டையோடு நின்றேன். கடைசியில், "நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னைக்கும் வாற மணிக்குத்தான். ஏன், மூணு நாள் கப்பல்ல இருந்ததுல தொரைக்கு நேரம் மாறிப்போச்சோ?"

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று நாளில் முதல் தடவையாக அப்போதுதான் எனக்குப் பசித்தது.